அறுவடைக்கு முன்னே... அறுவடைக்குப் பின்னே...



5 5 5

மேலே எத்தனை எண்கள் இருக்கின்றன? சட்டென்று சொல்லுங்கள். 'ஐந்து' என்று வாயில் வரப் பார்க்கும். அதை அடக்கிக்கொண்டு 'மூன்று' என்று சொல்ல வேண்டும்! இது விளையாட்டு மட்டுமல்ல. நம் கவனத்தை அளக்கும் சோதனையும்கூட. இதை நம் விவசாயிகளிடம் நடத்திப் பார்த்த அறிஞர்களில் ஒருவர் தமிழர். அவர் பெயர் செந்தில் முல்லைநாதன்.

தமிழ்நாட்டின் சிறிய விவசாயக் கிராமத்தில் பிறந்தவர். ஏழு வயதில் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவரது ஆராய்ச்சி. 2018-ல் இன்போசிஸ் பரிசும் பெற்றார்.

"ஏழைகள் சில சமயம் தவறான முடிவு எடுக்கிறார்களே, அவர்களுக்கு அறிவு குறைவா?" என்று பலர் கேட்பதுண்டு. செந்திலும் ஆனந்தி மணி முதலிய அறிஞர்களும் இதற்கு விடை தேடினார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள்.

ஏன் கரும்பு? கரும்புக்குப் பணம் வெட்டிய பிறகு மொத்தமாக வரும். அதற்கு முன் கை வறண்டிருக்கும். நகை அடகுக்குப் போகும். ஆகவே ஒரே விவசாயி சில மாதம் ஏழை, சில மாதம் பணக்காரர்! அவரிடம் அறுவடைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை இந்த எண் சோதனையையும் உருவப் புதிரையும் கொடுத்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? அறுவடைக்கு முன் தவறுகள் அதிகம், வேகமும் குறைவு. பின்னர் அதே மனிதர் நன்றாகச் செய்தார். ஆலைகள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மாதத்தில் கரும்பு வெட்டச் சொல்வதால், இது வெயில், மழையால் வந்த மாற்றம் என்றும் சொல்ல முடியாது. அறிவு குறையவில்லை; பணக் கவலை மனதில் இடத்தை அடைத்துக்கொண்டது என்றார்கள் அவர்கள். இந்த ஆய்வு 2013-ல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

எங்கள் வீரசோழன், திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டுவிடும். மிளகாய்க்கும் பருத்திக்கும் போட்ட முதல் திரும்புமா என்ற கவலை பெரியவர்களுக்கு. அப்போது அப்பா நோட்டு வாங்க மறந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசித் தேதியை நீங்களே காலண்டரில் வட்டமிட்டு, அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

வகுப்பில் ஒரு தோழன் சுலபமான கணக்கைத் தப்பாகப் போட்டால், 'மக்கு' என்று சிரிக்காதீர்கள். அவன் மனதில் என்ன பாரம் இருக்கிறதோ! பக்கத்தில் உட்கார்ந்து, "வா, சேர்ந்து போடலாம்" என்று சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?