பாஸ் இயங்குதளம்

பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். இது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் ஆகும். இதன் முதற் பதிப்பு 2007 ஆம் ஆண்டு வெளியானது. டெபியன் லினக்ஸ் வழங்கலை அடிப்படையாகக் கொண்டது. எந்த இயங்குதளமும் ஒரே நிரல் அன்று. பல கூறுகளின் தொகுப்பாகும்.

கருனி

கெர்னல் எனப்படும் கருனி வன்பொருளுக்கும் பிற மென்பொருட்களுக்கும் இடையே செயற்படுகிறது. பாஸ் பயன்படுத்தும் லினக்ஸ் கருனியை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் பின்லாந்தில் எழுதத் தொடங்கினார். அதன் முக்கியப் பணிகள்:

* பணி மேலாண்மை: இயங்கும் நிரல்களுக்கு மையச் செயலகத்தின் நேரத்தைப் பங்கிடுதல்.
* நினைவக மேலாண்மை: ஒரு நிரல் மற்றொன்றின் நினைவகப் பகுதியில் குறுக்கிடாமல் காத்தல்.
* கோப்பு முறைமை: வன்தட்டிலுள்ள தரவுகளைக் கோப்புகளாகவும் அடைவுகளாகவும் ஒழுங்குபடுத்துதல்.
* சாதன இயக்கிகள்: விசைப்பலகை, திரை, வலையமைப்பு அட்டை போன்றவற்றை இயக்குதல்.

பயனர் இடைமுகம்

பயனர் கருனியுடன் நேரடியாகத் தொடர்பு கொள்வதில்லை. தட்டச்சிடும் கட்டளைகளை ஷெல் என்னும் நிரல் பெற்றுக்கொள்கிறது. சாளரங்களையும் பட்டிகளையும் வரைகலை இடைமுகம் காட்டுகிறது.

தமிழ் ஆதரவு

தமிழைக் காட்டக் கருனியை மாற்ற வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, "கொ" என்னும் எழுத்து ஒருங்குறியில் ககரம், ஒகரக் குறி என இரு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒகரக் குறியைப் பிரித்து ககரத்தின் இருபுறமும் அமைப்பவை எழுத்துருவும் எழுத்து வடிவமைப்பு நிரலும் ஆகும். இவை பிழையாக இருந்தால், கருனி சரியாக இயங்கினாலும் தமிழ் சிதைந்தே தெரியும்.

இக்கூறுகளின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால், பிழையைக் கண்டவர் எவரும் அக்கூறை மட்டும் திருத்த இயலும். புதிய இயங்குதளம் எழுத வேண்டிய தேவை இல்லை.