தொடர வேண்டிய மாத்திரையும் நிறுத்த வேண்டிய மாத்திரையும்

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, இதோ உயிர் போய்விடும் என்று தோன்றுகிறது. ஈ.சி.ஜி. எடுத்தால் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. தைராய்டும் சரி, ரத்த சர்க்கரையும் சரி. இப்படி இரண்டு மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடிய பிறகுதான் பலர் மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்கிறார்கள். அங்கே கிடைக்கும் சீட்டில் அநேகமாக இரண்டு மாத்திரைகள் இருக்கும். ஒன்று எஸிட்டலோபிராம் அல்லது செர்ட்ராலின். 1-0-0, அதாவது காலையில் மட்டும். இன்னொன்று குளோனசிபாம் 0.25, 0-0-1, இரவில் மட்டும், அதுவும் இரண்டு வாரத்துக்கு.

இதற்குப் பிறகுதான் கதை தடம் மாறுகிறது. குளோனசிபாம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு தளர்ந்து தூக்கம் வருகிறது. மற்ற மாத்திரையோ குமட்டலைத் தருகிறது. சிலருக்கு முதல் வாரத்தில் படபடப்பைக் கூட்டவும் செய்கிறது. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வீட்டில் தீர்ப்பு உடனே எழுதப்பட்டுவிடும்: “அது ஒத்துக்கலை, இதுதான் கேக்குது.” ஒத்துக்கொள்ளாதது மருந்து டப்பாவின் அடிக்குப் போகிறது. இரண்டு வார மாத்திரை இரண்டு வருஷம் ஓடுகிறது.

தொடர வேண்டியதை நிறுத்தி, நிறுத்த வேண்டியதைத் தொடர்வதில்தான் பல தொல்லைகள் ஆரம்பிக்கின்றன.

இரண்டையும் சேர்த்து எழுதுவதில் மருத்துவருக்கு ஒரு கணக்கு உண்டு. இப்படித் திடீர்ப் பதற்றம் தாக்கும் பேனிக் கோளாறு உள்ள 50 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. எல்லோருக்கும் செர்ட்ராலின் தரப்பட்டது. கூடவே ஒரு பிரிவினருக்கு முதல் 4 வாரம் குளோனசிபாம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. குளோனசிபாம் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் ஆரம்ப வாரங்களில் வேகமாகத் தேறினார்கள். 12 வாரம் முடிந்தபோது அந்த முன்னிலை காணாமல் போயிருந்தது. செர்ட்ராலின் வேலையைத் தொடங்கும்வரை ஆளைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே குளோனசிபாம்.

குளோனசிபாம், அல்பிரசோலாம், லோரசிபாம், டயசிபாம் எல்லாமே பென்சோடயசிபைன் குடும்பம். அதன் மூத்த பிள்ளை கிட்டத்தட்டக் குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. 1957-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரோஷ் நிறுவனத்து வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக்கின் ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தும்போது, ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு சேர்மம் கையில் கிடைத்தது. சோதித்துப் பார்த்தால், விலங்குகள் மயங்காமலே அமைதியடைந்தன. அதுதான் 1960-ல் லிப்ரியம் ஆனது. 1963-ல் அதன் தம்பி வேலியம். அதுவரை கொடுத்துவந்த பார்பிட்யூரேட்டுகள் அளவு மீறினால் ஆளையே கொன்றுவிடும். இவை அந்த அளவுக்கு அபாயமில்லாததால் மருத்துவர்கள் தாராளமாக எழுதினார்கள். 1969-லிருந்து 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்து வேலியம்தான்.

விலை பிறகு தெரிந்தது. மூளையில் நரம்புகளின் பரபரப்பை அடக்கும் காபா என்ற பொருளின் வேலையை இந்த மாத்திரைகள் கூட்டுகின்றன. தினமும் வெளியிலிருந்து உதவி வந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. திடீரென நிறுத்தினால் அடக்க ஆளில்லாமல் நரம்புகள் கொந்தளிக்கின்றன: தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, பழையதைவிடக் கடுமையான பதற்றம். நெடுநாள் அதிக அளவில் எடுத்தவர்களுக்கு வலிப்புகூட வரலாம். “விட்டுப் பார்த்தேன், நோய் திரும்பிடுச்சு” என்று மறுபடி மாத்திரைக்குத் திரும்புகிறவர்களில் பலருக்கு வந்தது நோயல்ல, நிறுத்தியதன் விளைவு.

இங்கிலாந்தின் நியூகாசிலில், இந்த மாத்திரைகளை விட முடியாமல் தவித்தவர்களுக்கென்றே 1982 முதல் 1994 வரை ஒரு கிளினிக் நடத்தினார் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். பலருக்கு அவர் மருந்தை மெதுவாக டயசிபாமுக்கு மாற்றி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். எந்த மருந்து எவ்வளவுக்குச் சமம் என்று சொல்லும் அவருடைய அட்டவணையில் ஒரு வரி நம்மூர்க்காரர்கள் பார்க்க வேண்டியது: அல்பிரசோலாம் 0.5 மில்லிகிராமும் குளோனசிபாம் 0.5 மில்லிகிராமும், டயசிபாம் 10 மில்லிகிராமுக்குச் சமம். “பாயின்ட் ஃபைவ்தானே, சின்ன மாத்திரை” என்பது எண்ணைப் பார்த்து ஏமாறுவது.

இந்தியாவில் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. எஸிட்டலோபிராமையும் குளோனசிபாமையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்கள். விழுங்க வசதிதான். ஆனால் ஒன்றைக் குறைத்து மற்றதைத் தொடர வழியில்லை; நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து நிற்கும். அட்டையின் பின்புறம் இரண்டு பெயர்கள் இருந்தால், பிரித்து எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

சட்டம் ஓரளவு பார்த்துக்கொள்கிறது. 2014 மார்ச் 1 முதல் அல்பிரசோலாம், டயசிபாம் போன்றவை மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட வேண்டும். எழுதிய மருத்துவர், வாங்கியவர், மருந்தின் அளவு எல்லாம் மருந்துக்கடைப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டை நீட்டி “அதே மாத்திரை ஒரு அட்டை” என்று கேட்பவரைத் திருப்பி அனுப்பும் கடைக்காரர்மீது கோபப்படுவது நியாயமில்லை.

இந்த மாத்திரைகளோடு சேரக் கூடாதவற்றில் முதலிடம் மதுவுக்கு. அடுத்து ஓபியாய்டுகள்: வலிக்கு எழுதும் டிராமடால், கோடீன் உள்ள இருமல் மருந்து. இவை பென்சோடயசிபைனோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். வயதானவர்களுக்கு இரவில் எழுந்திருக்கும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து. மறுநாள் காலையிலும் மந்தம் இருந்தால் வண்டியைத் தொடக் கூடாது. படபடப்புக்குக் கொடுக்கும் புரோபிரனோலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. வீசிங் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தனக்குக் கேட்ட மாத்திரையில் பாதியைப் பரீட்சைக்குப் போகும் மகளுக்குக் கொடுக்கும் அம்மாவும் ஆபத்தைத்தான் பகிர்கிறார்.

எஸிட்டலோபிராம் வகையும் முழுச் சாதுவல்ல. 25 வயதுக்குட்பட்டவர்களில் சிலருக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். வீட்டார் கண் வைத்திருக்க வேண்டும். குணமானபின் இதையும் படிப்படியாகத்தான் விட வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றலும், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரும்.

குளோனசிபாமோ அல்பிரசோலாமோ வருஷக்கணக்கில் போடுகிறவர் எவரும், இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்தக் கூடாது. மாத்திரை அட்டையோடு மருத்துவரிடம் போய், எத்தனை நாளாக, எவ்வளவு என்று ஒளிக்காமல் சொன்னால், குறைக்கும் திட்டத்தை அவரே எழுதித் தருவார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள், எந்த நேரத்திலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.