டைனோசரைவிட நல்ல சாட்சி

கடலூர் கேப்பர் மலையின் செம்மணற்கல்லைப் பார்த்து, டைனோசர் காலத்துப் பாறை என்று நினைப்பவர்கள் உண்டு. அது அவ்வளவு பழையதல்ல. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அப்படித்தான். இரண்டும் டைனோசர்கள் போய்க் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து உருவானவை. டைனோசர் காலத்துக் கடலடி வண்டலைக் காண விருத்தாசலம், அரியலூர், புதுச்சேரிப் பக்கம் போக வேண்டும். ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1860களிலேயே இந்த மூன்று பகுதிகளையும் பற்றி எழுதிவிட்டார்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகின் உயிரினங்களில் சுமார் முக்கால் பங்கு அழிந்தது. டைனோசருக்குத்தான் புகழ். ஆனால் அதன் எலும்பு அபூர்வமாகவே கிடைக்கும். கிடைத்த ஒன்றிரண்டை வைத்து, அழிவு திடீரென வந்ததா, மெல்ல வந்ததா என்று சொல்ல முடியாது. ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் கடலுயிரியின் சங்கதி வேறு. மணல் பருமனே உள்ள அதன் சுண்ணாம்பு ஓடுகள் ஒரு கைப்பிடி வண்டலில் நூற்றுக்கணக்கில் இருக்கும். வண்டலை ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். கண்ணும் பொறுமையும் கேட்கிற வேலை.

அடுக்கடுக்காக எண்ணிக்கொண்டே மேலே வந்தால் கதை தெரியும். டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸின் முடிவில் குளோபோட்ரங்கானா போன்ற பெரிய, வேலைப்பாடான ஓடுகள் பல வகை. அழிவு நடந்த எல்லை அடுக்கைத் தாண்டியதும் அவை இல்லை. மிஞ்சியவை மிகச் சிறியவை. பாழ்நிலத்தில் முதலில் தலைகாட்டும் எருக்கைப் போல கெம்பெலிட்ரியா பெருகுகிறது. பிறகு புது இனங்கள் வருகின்றன.

காரணம் என்ன? 1980இல் லூயிஸ் ஆல்வாரஸ், வால்ட்டர் ஆல்வாரஸ் குழுவினர் இத்தாலியின் குப்பியோவில் எல்லைக் களிமண்ணில் இரிடியம் மிகுந்திருப்பதைக் காட்டி, விண்கல் மோதியது என்றனர். மோதிய குழி மெக்சிகோவின் சிக்சுலுப்பில் இருக்கிறது. அதே காலத்தில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பும் பொங்கிக்கொண்டிருந்தது. ராஜமுந்திரியருகே குவாரிகளில் இரு குழம்புப் படலங்களுக்கு நடுவே உள்ள கடல் வண்டலில், அழிவுக்குப் பின் தோன்றிய ஓடுகளை கெர்ட்டா கெல்லர் குழுவினர் கண்டு 2008இல் வெளியிட்டனர். அப்படியானால் கீழ்ப்படலம் அழிவை ஒட்டியே பொங்கியிருக்க வேண்டும்; ஆகவே எரிமலைக்கே பெரும்பங்கு என்பது கெல்லரின் கட்சி. விண்கல்லே முதன்மை என்பதுதான் பெரும்பாலோர் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இப்படி அடுக்கடுக்காக எண்ணிக்கொண்டு வர அரியலூரில் ஒரு சிக்கல். கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டத்தில் கடல் பின்வாங்கியதால் கல்லமேடு அடுக்கு ஆற்று வண்டலாகிவிட்டது. அங்கே டைனோசர் எலும்பு உண்டு, கடலின் தொடர்ச்சியான பதிவு இல்லை. அதற்கு மேலே நின்னியூர் அடுக்கில்தான் கடல் திரும்புகிறது.

பழைய ஓட்டைப் படிக்க இன்றைய ஓடும் தெரிய வேண்டும். எது ஆழ்கடலில் வாழும், எது கழிமுகத்தில் வாழும் என்பது தெரிந்தால்தான் பழைய கடலின் ஆழத்தைக் கணிக்கலாம். சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரம் சேற்றிலும் பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்திலும் ஃபோராமினிஃபெராக்கள் இன்றும் வாழ்கின்றன. நுண்ணோக்கி உள்ள பள்ளிகள் அந்தச் சேற்றில் ஒரு பிடியைக் கழுவிப் பார்க்கலாம்.