எரிந்துபோன அரங்கின் ஒலி

இத்தாலியின் வெனிஸ் நகரில் 'லா பெனீச்சே' என்னும் புகழ்பெற்ற ஆப்பெரா அரங்கு உள்ளது. ஆப்பெரா என்பது கதையைப் பாடலாகவே பாடி நடிக்கும் இசை நாடகம். பெனீச்சே என்றால், சாம்பலிலிருந்து உயிர்த்தெழுவதாகக் கதைகள் கூறும் பீனிக்ஸ் பறவை. தன் பழைய அரங்கை இழந்த ஒரு சங்கம், 1792-இல் புதிய அரங்கைத் திறந்தபோது இப்பெயரைச் சூட்டியது. பெயருக்கேற்பவே வரலாறும் அமைந்தது. 1836 டிசம்பரில் அரங்கு தீக்கிரையாகி, ஓராண்டிலேயே மீண்டும் எழுந்தது. வெர்டியின் 'லா திராவியாத்தா' 1853-இல் முதன்முதலாக நடிக்கப்பட்டது இங்கேதான்.

1996 ஜனவரி 29 இரவு மீண்டும் தீ. அருகிலிருந்த கால்வாய்கள் தூர்வாருவதற்காக வடிக்கப்பட்டிருந்தமையால் தீயணைப்புப் பணி தடைப்பட்டது. வெளிச் சுவர்களே எஞ்சின. தீ வைத்த குற்றத்திற்காக, அங்கு வேலை செய்த மின்பணியாளர் இருவர் 2001-இல் தண்டிக்கப்பட்டனர்.

'இருந்த இடத்தில், இருந்தபடியே' அரங்கைக் கட்ட நகரம் முடிவு செய்தது. தோற்றத்தை மீட்கப் பழைய படங்கள் உதவின. ஆனால், ஒலியை எப்படி மீட்பது?

ஒலி எழுப்பி நிறுத்திய பின்னும், சுவர்களில் பட்டு மீளும் அலைகளால் அது சிறிது நேரம் நீடிக்கிறது. இதுவே எதிர்முழக்கம். ஒலியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, அதாவது 60 டெசிபல் தாழ, ஆகும் காலம் எதிர்முழக்க நேரம் எனப்படும். அமெரிக்க இயற்பியலார் சபைன் கண்ட விதி எளியது. அரங்கின் கன அளவை (கன மீட்டர்) 0.16 ஆல் பெருக்கி, ஒலியை உட்கவரும் பரப்பால் (சதுர மீட்டர்) வகுத்தால் அந்த நேரம் நொடிகளில் கிடைக்கும்.

ஓர் அரங்கின் கன அளவு 8,000, உட்கவர் பரப்பு 1,000 எனக் கொள்வோம். நேரம் 1.28 நொடி. மெத்தை, திரை, மரப்பலகை சிலவற்றை நீக்கிக் கடினமான சாந்து பூசியதால் பரப்பு 640 ஆகிறது என்க. நேரம் 2 நொடியாகிவிடும்! பாடலின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெளிவிழக்கும். பார்வைக்கு அதே அரங்கு. காதுக்கு வேறு அரங்கு.

நல்வாய்ப்பாக, தீக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்னர், பரீனா, ட்ரோங்கின் என்னும் இரு இத்தாலிய ஒலியியல் ஆய்வாளர்கள் அவ்வரங்கை அளந்திருந்தனர். இத்தகைய அளவீட்டில் ஒரு நொடிப்பொழுது ஒலியை எழுப்பி, அரங்கு தரும் மறுமொழியைப் பதிவு செய்கிறார்கள். மனிதத் தலை போன்ற பொம்மையின் இரு காதுகளிலும் ஒலிவாங்கி வைத்தால், அங்கே அமர்ந்தவர் கேட்பது போலவே பதிவாகும். எதிரொலியற்ற அறையில் பதிந்த இசையை இம்மறுமொழியுடன் கணிப்பொறியில் இணைத்தால், எரிந்துபோன அரங்கில் அவ்விசை எப்படி ஒலித்திருக்கும் என இன்றும் கேட்கலாம்!

2003 டிசம்பரில் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. 2004 நவம்பரில் 'லா திராவியாத்தா' அங்கே மறுபடியும் ஒலித்தது. புதிய ஒலியைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவுகள் இருக்கின்றன. 1836-இல் எரிந்த அரங்கின் ஒலிக்கோ எந்தப் பதிவும் இல்லை. பழம்பெரும் அரங்குகளைப் படம் பிடித்து வைப்பதோடு நின்றுவிடாமல், அவை நிற்கும்போதே அவற்றின் ஒலியையும் அளந்து வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?