50% ஃபிலிம் ஒட்டினா 50% வெளிச்சம் வருமா?

வேலூர் வெயிலைப் பத்தி உங்களுக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. மே மாசம் வெட்டவெளியில நின்ன காருக்குள்ள ஏறினா, கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டலாம்னு தோணுறது நியாயம்தான். "பக்கக் கண்ணாடிக்கு சட்டமே 50 சதவீதம்தான், இதுவும் 50 சதவீத ஃபிலிம்தான்" என்று யாராவது சொன்னா நம்பிடாதீங்க. கணக்கு அங்கேதான் தப்புது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் விதி 100 சொல்றது இது: முன், பின் கண்ணாடிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விடணும். இந்த அளவு கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்ததுக்கு. அதனால ரெண்டையும் பெருக்கணும். உங்க பக்கக் கண்ணாடி 70 சதவீதம் விடுதுன்னு வைங்க. அது மேல 50 சதவீத ஃபிலிம் ஒட்டினா 0.70 × 0.50 = 0.35. வெறும் 35 சதவீதம்!

2012 ஏப்ரல் 27-ல் அவிஷேக் கோயங்கா வழக்குல உச்ச நீதிமன்றம், எந்த சதவீதமா இருந்தாலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. பிறகு விதி 100 திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதை வச்சு, 70–50 அளவு குறையாம தரச்சான்றுள்ள ஃபிலிம் ஒட்டலாம்னு 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனா அது கேரளத் தீர்ப்பு. அதை நம்பி இங்கே ஒட்டிட்டு வாதாடாதீங்க.

சட்டத்தை விடுங்க, ஆம்பூரை நினைச்சுப் பாருங்க. ஷூ கம்பெனி, டேனரி ஷிப்ட் விடுற நேரம். இருட்டிக்கிட்டு வருது. தேசிய நெடுஞ்சாலை 48-லிருந்து சர்வீஸ் ரோட்டுக்குத் திரும்புறீங்க. திரும்பும்போது நீங்க பார்க்கிறது பக்கக் கண்ணாடி வழியா. பகல்ல கண்ணு சமாளிச்சுக்கும். ராத்திரி வர்றதே கொஞ்சம் வெளிச்சம், அதுலயும் மூணுல ரெண்டு பங்கு போயிடுது. மணிக்கு 40 கிலோமீட்டர்னா வினாடிக்கு 11 மீட்டர். அரை வினாடி லேட்டா பார்த்தா, பிரேக்ல கால் வைக்கிறதுக்குள்ள அஞ்சரை மீட்டர் கூடுதலா ஓடியிருக்கும். ரோட்டைக் கடக்கிற அந்த அக்காவுக்கும் உங்க முகம் தெரியாது. டிரைவர் நம்மளைப் பார்த்துட்டார்னு தெரிஞ்சுதானே நாம எல்லாரும் கால் எடுத்து வைக்கிறோம்?

சரி, வெயிலுக்கு என்ன வழி? சூரிய வெப்பத்துல ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதனால கறுப்பா இருக்கிறதெல்லாம் குளுமை தரும்னு அர்த்தமில்ல. நிழல்ல நிறுத்துங்க. நிறுத்தினதும் முன்கண்ணாடிக்கு சன் ஷேடு வைங்க, ஓட்டும் முன்னாடி எடுத்துடுங்க. ஏ.சி. போடும் முன்னாடி ஒரு நிமிஷம் கண்ணாடிகளை இறக்கி, சூடான காத்தை வெளியே விடுங்க.

அடுத்த தடவை வீட்டுல யாராவது ஃபிலிம் பேச்சை எடுத்தா, அந்த 0.35 கணக்கைப் போட்டுக் காட்டுங்க.