பந்தைப் பார்க்காத கணினி

கண்ணாடிக்கு அடியில் ஓர் எஃகுப் பந்து. விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 80 கிராம். அது உருளும் பலகை சுமார் ஆறரை டிகிரி சாய்ந்திருக்கும். பின்பால் ஆட்டத்துக்கு அடிப்படை இவ்வளவுதான். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. இந்தப் பலகைக்குள் ஒரு திரைப்படத்தையே இறக்க முடியுமா? அமெரிக்காவின் வில்லியம்ஸ் நிறுவனம் இறக்கிக் காட்டியது. ‘டெர்மினேட்டர் 2’ படம் வெளியான அதே 1991இல் அந்தப் பெயரிலேயே பின்பால் இயந்திரமும் வந்தது. வடிவமைத்தவர் ஸ்டீவ் ரிச்சி. அதற்குள் ஒலிக்கும் குரல், சாட்சாத் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகருடையது.

பந்தை ஏவ வழக்கமாக ஒரு ஸ்பிரிங் தண்டு இருக்கும். இதில் இருப்பது துப்பாக்கிப் பிடி. பலகையில் ஒரு குட்டிப் பீரங்கியும் உண்டு. பந்து அதற்குள் விழுந்ததும் மோட்டார் பீரங்கியை மெல்லத் திருப்பும். எதிரே ஓர் இலக்கு மினுக்கும். பீரங்கி அதற்கு நேராக வரும் அந்தக் கணத்தில் நாம் விசையை இழுக்க வேண்டும்.

இத்தனையையும் நடத்தும் கணினியால் பந்தைப் பார்க்க முடியாது! உள்ளே கேமரா கிடையாது. பந்து எதன் மீதாவது பட்டு ஒரு சுவிட்ச் இயங்கினால்தான் அது இருக்குமிடம் தெரியும். சுவிட்சுகளுக்கு 64 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுக்கவில்லை. 8 நெடுக்கு, 8 குறுக்கு என 16 கம்பிகளே போதுமானதாக இருந்தன. சினிமா தியேட்டரில் வரிசை எழுத்தையும் இருக்கை எண்ணையும் வைத்து நம் இடத்தைக் கண்டுபிடிப்பதில்லையா, அதே உத்திதான். கணினி ஒவ்வொரு நெடுக்குக் கம்பியாக ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும்.

பந்தைத் திருப்பி அடிக்கும் தட்டியை ஃபிளிப்பர் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஃபிளிப்பரை இழுக்கும் மின்காந்தத்தில் இரண்டு கம்பிச் சுருள்கள். தடித்த கம்பிச் சுருள் ஓங்கி அடிக்கிறது. அந்த வேகத்திலேயே மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் சுருள் கருகிவிடும். அதனால் தட்டி முழுதாக எழும்பியதும் ஒரு சிறு சுவிட்ச் திறந்து, மின்சாரத்தை மெல்லிய சுருள் வழியாகப் போகச் செய்கிறது. மின்னோட்டம் குறைந்துவிடும், தட்டியை உயர்த்திப் பிடித்திருக்க அது போதும். பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருந்தாலும் ஆபத்தில்லை.

மேலே 128க்கு 32 என்று 4,096 ஒளிப்புள்ளிகள் கொண்ட புள்ளித்திரை. படத்தின் காட்சிகள் அதில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும்.

பந்து எங்காவது சிக்கிக்கொண்டால்? சிறிது நேரம் எந்தச் சுவிட்சும் அசையாவிட்டால் கணினிக்குச் சந்தேகம் வந்துவிடும். உடனே பலகையிலுள்ள மின்காந்தங்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கும். சிக்கிய பந்தை ஏதோ ஒன்று தட்டிவிடும், ஆட்டம் தொடரும்.

இந்த இயந்திரங்கள் 15,000க்கு மேல் தயாராயின. எங்காவது ஒன்று கண்ணில் பட்டால் ஆடிவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். பராமரிப்பவரிடம் கேட்டு, பலகையைத் தூக்கி அடிப்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்.