கொய்சுமி வீட்டுத் தொகுதி: ஜப்பானின் கனகாவா 11

நம் பத்திரிகைகளில் தேர்தல் வந்தாலே ‘பாரம்பரியத் தொகுதி’ என்ற சொல் அடிபடும். ஒரு கட்சி பல தவணைகளாகத் தக்கவைத்துக் கொண்டிருக்கும் தொகுதி என்று பொருள். ஜப்பானில் கட்சியோடு ஒரு குடும்பமே தக்கவைத்துக் கொண்டிருக்கும் தொகுதிகள் உண்டு. அவற்றில் பெயர் பெற்றது கனகாவா 11.

அங்கே நாடாளுமன்றத் தொகுதிக்கு ஊர்ப் பெயர் வைப்பதில்லை; மாநிலத்தின் பெயரும் ஓர் எண்ணும்தான். கனகாவா 11 என்பது தோக்கியோவுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள யோகோசூகா, மியுரா ஆகிய இரண்டு நகரங்கள். மியுரா முள்ளங்கிக்கும் டூனா மீனுக்கும் பேர்போனது. யோகோசூகா கடற்படை நகரம். 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி கறுப்புக் கப்பல்களோடு வந்து கரையிறங்கிய குரிஹாமா இதற்குள்தான் இருக்கிறது. இன்று அமெரிக்காவின் ஏழாவது கடற்படைப் பிரிவுக்கும் இதுவே தளம்.

இந்தத் துறைமுகத்தில் கட்டுமான வேலைக்கும் கப்பல் வேலைக்கும் ஆள் சேர்த்துக் கொடுத்த குடும்பம்தான் கொய்சுமி குடும்பம். அதில் பிறந்த மத்தாஜிரோ கொய்சுமி 1908இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பிறகு தகவல் தொடர்பு அமைச்சரும் ஆனார். உடம்பில் பச்சை குத்தியிருந்ததால் ‘பச்சை குத்திய அமைச்சர்’ என்றே அவரை அழைத்தார்கள். அவருக்குப் பின் வந்தவர் மருமகன் ஜூன்யா. மாமனார் வீட்டுப் பெயரையே தன் பெயராக்கிக் கொண்டவர் இவர். 1960களின் நடுவில் தற்காப்புத் துறைக்குத் தலைமை வகித்தார். 1969இல் காலமானார்.

லண்டனில் படித்துக் கொண்டிருந்த மகன் ஜூனிச்சிரோ ஊர் திரும்பி, அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் நின்றார். வயது 27. தந்தை இறந்து சில மாதம்தான். அனுதாபம் உண்டு, குடும்பப் பெயர் உண்டு. அவர் நின்ற லிபரல் ஜனநாயகக் கட்சி நாடு முழுக்க 288 இடங்களைப் பிடித்த நல்ல ஆண்டு அது. ஆனாலும் தோற்றார். மூன்று ஆண்டுகள் ஓர் அரசியல் தலைவரிடம் செயலாளராக இருந்துவிட்டு, 1972இல்தான் வென்றார்.

ஏன் தோற்றார்? அப்போதைய முறை வேறு. ஒரு தொகுதியிலிருந்து மூன்று முதல் ஐந்து பேர் வரை தேர்வாவார்கள். வாக்காளருக்கோ ஒரே ஓட்டு. பெரிய கட்சி ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்தும். ஆக, எதிர்க்கட்சிக்காரரோடு மட்டுமல்ல, சொந்தக் கட்சிக்காரரோடும் மோத வேண்டும். கட்சிச் சின்னம் இருவருக்கும் பொது என்பதால், ஒவ்வொருவரும் தனித்தனி ஆதரவாளர் சங்கம் வைத்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய், பணத்தை இறைத்தார்கள். ஊழல் மேல் ஊழல் வெடித்தது. 1955 முதல் ஆண்ட கட்சி 1993இல் முதன்முறையாக ஆட்சியை இழந்தது. மறு ஆண்டே சட்டம் மாறியது. நம் நாட்டைப் போல ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், கூடவே கட்சிப் பட்டியலுக்கு இன்னோர் ஓட்டு என்று 1996 முதல் புதிய முறை நடப்புக்கு வந்தது.

இனி ஆளைப் பார்த்து அல்ல, கட்சியையும் கொள்கையையும் பார்த்து மக்கள் ஓட்டுப் போடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. கனகாவா 11 பிறந்தது இப்படித்தான். 1996, 2000, 2003, 2005 என நான்கு தேர்தல்களிலும் ஜூனிச்சிரோவே வென்றார். இடையில் 2001இல் பிரதமரானார். அஞ்சல் துறையைத் தனியார்மயமாக்க வேண்டும் என்று 2005இல் நாடாளுமன்றத்தைக் கலைத்து, தன் கட்சிக்கு 296 இடங்களை அள்ளிக் கொடுத்தவரும் இவரே.

சீர்திருத்தவாதி என்று பெயர் வாங்கிய அந்த மனிதர் 2008இல் ஓய்வை அறிவித்தார். அடுத்து யார்? மகன் சின்ஜிரோ. இதைக் கேட்டுப் பலரும் முகம் சுளித்தார்கள். சுளித்ததில் தப்பில்லை.

2009 ஆகஸ்டு 30ஆம் தேதி நடந்த தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சி 119 இடங்களுக்குச் சரிந்தது. அமைச்சர்களாக இருந்தவர்களே வீட்டுக்குப் போனார்கள். 28 வயது சின்ஜிரோ சுமார் 57 விழுக்காடு வாக்குகளோடு ஜெயித்தார். வாரிசு என்ற விமர்சனத்துக்குப் பதிலாக, பட்டியலில் பெயர் சேர்க்காமல் தொகுதியில் மட்டும் நின்று ஜெயித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்சிக்கு நல்ல ஆண்டில் தந்தை தோற்றார். மோசமான ஆண்டில் மகன் ஜெயித்தார். தனிமனித ஓட்டை ஒழிக்க வந்த புதிய முறையில் வாரிசுக்கு வழி இன்னும் சுலபமாகிவிட்டது. கட்சிக்கு ஒரே வேட்பாளர் என்றால் சொந்தக் கட்சிப் போட்டியாளர் கிடையாது. வேட்பாளராகிவிட்டால் அந்தக் கட்சியின் ஓட்டு மொத்தமும் வாரிசுக்கே. ஜப்பானியர்கள் இதற்கு ‘மூன்று பான்’ என்பார்கள்: ஜிபான் என்றால் ஓட்டு நிலம், கன்பான் என்றால் பெயர்ப்பலகை, கபான் என்றால் பணப்பை. மூன்றும் தகப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு வரும்.

பெயர்ப்பலகைக்கு அங்கே மதிப்பு அதிகம். நாம் பெயருக்கு நேரே கோடு போடுகிறோம். அவர்கள் வேட்பாளரின் பெயரைப் பென்சிலால் தங்கள் கையால் எழுத வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து காதில் விழும் பெயரை எழுதுவது யாருக்கும் சிரமமில்லை.

2009இல் சின்ஜிரோவிடம் தோற்ற ஜனநாயகக் கட்சியின் கட்சுஹித்தோ யோகோகுமே, லாரி ஓட்டுநரின் மகன், படித்து வழக்கறிஞரானவர். தோற்றும் நாடாளுமன்றம் போனார். தொகுதியிலும் பட்டியலிலும் ஒருவரே நிற்கலாம். ஜெயித்தவரின் வாக்கில் எத்தனை பங்கு தோற்றவர் பெற்றார் என்று கணக்கிட்டு, நெருங்கித் தோற்றவரைப் பட்டியல் வழியே உள்ளே எடுப்பார்கள். இந்த இரண்டாவது கதவு இல்லையென்றால் இப்படிப்பட்ட தொகுதியில் எதிர்க்கட்சிக்கு நல்ல ஆள் கிடைப்பதே கஷ்டம் என்பது என் எண்ணம். அவரும் அங்கே வேரூன்றவில்லை. 2011இல் கட்சியை விட்டு விலகி, அடுத்த தேர்தலில் தோக்கியோ பக்கம் போய் நின்று தோற்றார்.

அதற்குப் பிறகு போட்டி என்று சொல்ல அதிகமில்லை. 2012இல் சின்ஜிரோவுக்குச் சுமார் 80 விழுக்காடு. 2014இல் எதிர்த்து நின்றது கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ஒருவர்தான். சின்ஜிரோ 80 விழுக்காட்டையும் தாண்டினார். 2024 அக்டோபரில் அவருடைய கட்சிக் கூட்டணி பெரும்பான்மையை இழந்தபோது தேர்தல் பொறுப்பாளராக இருந்தவர் அவர். பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தொகுதி மட்டும் ஆடவில்லை.

2025 அக்டோபரில் சின்ஜிரோ தற்காப்பு அமைச்சரானார். தாத்தா ஜூன்யா அறுபது ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே துறை. அந்தத் துறையின் பெரிய கடற்படைத் தளம் ஒன்று யோகோசூகாவில், அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்களின் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.